ஒரே ஃப்ரிட்ஜை மூன்று தடவை எண்ணியவள்

தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். மொத்தம் நான்கு பேர். மற்ற மூவரும் வெப்சைட் செய்கிறவர்கள். அவர்கள் செய்து முடித்ததை நிற்காமல் ஓட வைப்பது என் வேலை. ஒரு கல்யாண மண்டபம், இரண்டு டியூஷன் சென்டர், ஏழெட்டுக் கடைகள் என்று எல்லாருடைய வெப்சைட்டும் எங்கேயோ கண்காணாத ஊரில் இருக்கிற வாடகை மிஷின்களில் ஓடும். நின்றால் எனக்கு போன் வரும். கீழே லேத் ஓடுகிற சத்தத்தில், பேசுகிறவர் என்னைத் திட்டுகிறாரா, கெஞ்சுகிறாரா என்று பாதி நாள் புரியாது. அதுவும் ஒரு வசதிதான்.

நான் பார்த்துக்கொண்டதில் எனக்கு ரொம்பப் பிடித்தது மீன் வெப்சைட். தவளக்குப்பத்துக்குக் கிழக்கே கடலோரக் கிராமத்தில் பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து நடத்தினார்கள். விடிகிற நேரத்தில் படகு வரும். கரையில் ஏலம் எடுப்பார்கள். எடுத்த மீனைப் போட்டோ பிடித்து வெப்சைட்டில் போட்டுவிட்டு, வாடிக்கைக்காரர்கள் எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் தகவல் அனுப்புவார்கள். லாஸ்பேட்டை குவார்ட்டர்ஸ்காரர்களும் டவுனில் இருப்பவர்களும் பார்த்து ஆர்டர் போடுவார்கள். ஆர்டர் போட்ட மீனைச் சுத்தம் செய்து, பெண்கள் ஷேர் ஆட்டோ பிடித்து வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள்.

அதற்கு முன்னால் அவர்கள் அன்னக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, யார் வாங்குவார்கள், யார் வாங்கமாட்டார்கள் என்று தெரியாமலே தெருத் தெருவாக அலைந்தவர்கள். வெயில் ஏற ஏற மீனும் வாடும், முகமும் வாடும். மிஞ்சியதை ஐஸ் பெட்டி வியாபாரி சொன்ன விலைக்குத் தள்ளிவிட வேண்டியதுதான். வெப்சைட் வந்த பிறகு, கேட்டவர்களுக்கு மட்டும் சுமந்தால் போதும் என்று ஆயிற்று. இந்த யோசனைக்குப் பதினொரு பெண்களைப் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்தவர் ஐம்பது வயதுக்காரர் ஒருவர். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். குரல் கடற்கரையில் வளர்ந்த குரல். போனைக் காதிலிருந்து ஒரு அடி தள்ளி வைத்துக்கொண்டுதான் அவரோடு பேச வேண்டும்.

சனிக்கிழமை வரை ஒரு தொல்லையும் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு மட்டும் வெப்சைட் முக்கி முனகி நின்றுவிடும். ஊரே ஒரே நேரத்தில் மீன் வாங்க வந்தால் நிற்காமல் என்ன செய்யும் என்பது என் வாதம்.

இங்கே என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வெப்சைட்டைத் திறக்கிறவர்களுக்குப் பதில் சொல்ல, சர்வரில் ப்ராசஸ் என்று சில வேலையாட்கள் தயாராக இருக்கும். ஒரு ப்ராசஸ் ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் பதில் சொல்லும். ஆறு ப்ராசஸ் இருந்தால் ஆறு பேர். ஏழாவது ஆள் நிற்க வேண்டும். அவர் போனில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவர் கோழி வாங்கப் போய்விடுவார்.

அந்த ஆறு என்ற எண்ணை வைத்தவள் நான். எந்த ப்ராசஸ் எவ்வளவு மெமரி பிடித்திருக்கிறது என்று சர்வர் ஒரு பட்டியல் காட்டும். ஒவ்வொன்றுக்கும் நேராக முந்நூறு எம்பி என்று போட்டிருந்தது. மிஷினில் இருப்பது நாலு ஜிபி. அதில் பாதியை, மீன் விலையும் ஆர்டர் கணக்கும் இருக்கிற டேட்டாபேஸுக்கு ஒதுக்கினேன். மீதி இரண்டு ஜிபியில் முந்நூறு முந்நூறாக எத்தனை பேரை உட்கார வைக்கலாம்? ஆறு பேர். ஏழாவது ஆளை உட்கார வைத்தால் மிஷின் மூச்சுத் திணறிப் படுத்துவிடும். கூட்டலில் பிழை இல்லை, வகுத்தலில் பிழை இல்லை. எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனேன்.

அக்கா ஒவ்வொரு திங்கட்கிழமையும் போன் செய்வார். "ஏம்மா, நேத்தும் சுத்திக்கினே கெடந்துச்சு."

"அதுக்கு மேல மெமரி பத்தாதுக்கா. பெரிய மிஷினுக்கு மாறணும்."

"அதுக்கெல்லாம் எங்களால ஆவாது. வேற வழி இல்லியா?"

ஒரே கேள்விக்கு நான் எத்தனை தடவைதான் பதில் சொல்வது? ஒரு நாள் எரிச்சலில், "உங்க வாடிக்கைக்காரங்க பாதி பேரு பழைய போன் வச்சிருப்பாங்கக்கா. அதான் சுத்துது. சர்வர் நல்லாத்தான் இருக்குது" என்று சொல்லிவிட்டேன். எந்த ஆதாரமும் இல்லாமல் சொன்னது. போனை வைக்க வேண்டும் என்பதற்காகச் சொன்னது. அக்கா, "அப்டியா? சரி" என்றார். அந்தப் பதில் வேலை செய்தது என்பதால், அடுத்த இரண்டு தடவையும் அதையே சொன்னேன்.

ஒரு வியாழக்கிழமை அக்கா நேராகவே வந்துவிட்டார். லேத் பட்டறை ஆட்கள் எல்லாரும் அண்ணாந்து பார்க்க, இரும்புப் படியில் திம் திம் என்று ஏறி வந்தார். சண்டை போட வந்திருக்கிறார் என்று நானும் தயாரானேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டுக் குடித்தார். பிறகு மெதுவாகப் பேசினார். அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"வர்ற ஞாயித்துக்கெழமையும் நின்னுச்சுன்னா மூடிடுவோம். பொம்பளைங்க பேசி முடிச்சிட்டாங்க. பதினோரு பேரையும் நான்தான இட்டாந்தேன்? எல்லாம் எங்கிட்டதான் கேக்குது. இருபது வருச வாடிக்கை ஒண்ணு எனக்குப் போயே போச்சு. இன்னும் போனா தாங்காதும்மா."

"பாக்கறேன்க்கா" என்றேன். பார்க்க என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. அவர் படியிறங்கும்போது சத்தமே வரவில்லை. அன்று மாலை முழுவதும் எனக்கு எதைப் பார்த்தாலும் கோபமாக வந்தது. முதலில் அக்கா மேல், பிறகு ஞாயிற்றுக்கிழமை மீன் தின்கிற மொத்த ஊர் மேல்.

சனிக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டுக்கு ஒரு சர்வேக்காரப் பெண் வந்தாள். எங்கள் வீடு முத்தியால்பேட்டையில். என் மாமனார் மில்லில் வேலை பார்த்துக் கட்டியது. அவருடைய மூன்று மகன்களும் குடும்பத்தோடு அதே வீட்டில்தான் இருக்கிறோம். ஒரே வீடு, ஆனால் மூன்று ரேஷன் கார்டு. கல்யாணம் ஆனதும் கார்டைத் தனியாகப் பிரித்துக்கொள்வது எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். அடுப்பும் கார்டும் தனித்தனி. மற்றபடி ஃப்ரிட்ஜ், வாஷிங் மிஷின், கிரைண்டர், மோட்டார் எல்லாம் பொது.

அந்தப் பெண் கையில் டேப்லெட் வைத்துக்கொண்டு கார்டு வாரியாகக் கேட்டாள். மூத்த ஓரகத்தியிடம், "ஃப்ரிட்ஜ் இருக்குதாக்கா?" "இருக்குது." "வாஷிங் மிஷின்?" "இருக்குது." அடுத்து நடு ஓரகத்தி. அவளுக்கும் இருக்குது, இருக்குது. பிறகு நான். எனக்கும் எல்லாம் இருக்குது. மூன்று கார்டும் முடிந்ததும் அவள் ஹாலைச் சுற்றி ஒரு தடவை பார்த்தாள். எங்கள் ஹாலில் நாலு பேர் படுத்தால் ஐந்தாவது ஆள் தாண்டித்தான் போக வேண்டும்.

"இவ்ளோ சின்ன வீட்டுல மூணு ஃப்ரிட்ஜை எங்கக்கா வச்சிருக்கீங்க?"

"மூணு எங்க கெடக்குது? தோ நிக்குதே, அது ஒண்ணுதான்" என்றாள் மூத்த ஓரகத்தி.

"மூணு பேரும் இருக்குதுன்னு சொன்னீங்களே!"

"நீ இருக்குதான்னு கேட்ட. இருக்குதுன்னோம். இருக்கறத இல்லேன்னு பொய் சொல்லச் சொல்றியா?"

வீடே சிரித்தது. நான்தான் அதிகம் சிரித்தேன். பாவம், தனித்தனியாகக் கேட்டு எல்லாவற்றையும் கூட்டினால் மூன்றுதானே வரும், அதுகூடத் தெரியாமல் என்ன சர்வே என்று மனதுக்குள் அவளைக் கிண்டல் செய்துகொண்டே சிரித்தேன். பாதியில் சிரிப்பை நிறுத்தினேன். நான் செய்ததும் அதேதான். ஒவ்வொரு ப்ராசஸையும் தனித்தனியாகக் கேட்டேன். ஒவ்வொன்றும் முந்நூறு இருக்குது என்றது. நான் கூட்டினேன்.

அந்தப் பெண் போவதற்கு முன்பே லேப்டாப்பை எடுத்து ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். "என்னாடி ஆச்சு ஒனக்கு?" என்று மூத்த ஓரகத்தி கேட்டபோது சர்வருக்குள் நுழைந்துகொண்டிருந்தேன்.

மெமரியை ஒவ்வொரு ப்ராசஸும் எப்படிப் பிடித்திருக்கிறது என்று விவரமாகச் சொல்லும் இன்னொரு கணக்கு சர்வரிலேயே இருக்கிறது. அதில் பொதுவாக இருப்பதை, எத்தனை பேர் பங்கோ அத்தனையால் வகுத்து ஒவ்வொருவர் பேரிலும் ஒரு பங்கு எழுதியிருக்கும். அதைத் திறந்தேன். முந்நூறில் இருநூற்றைம்பது பொது. வெப்சைட்டை ஓட்டுகிற புரோகிராம் மொத்தத்தையும் தாய் ப்ராசஸ் முதலில் ஒரு தடவை ஏற்றிவைக்கிறது. பிறகு அதிலிருந்து பிரிகிற பிள்ளைகள் எல்லாம் அந்த ஒன்றையே பார்த்து வேலை செய்கின்றன. அதில் எதையாவது ஒரு பிள்ளை தனக்காக மாற்றி எழுதினால், அந்தத் துண்டுக்கு மட்டும் அதற்குத் தனிப் பிரதி கிடைக்கும். அப்படித் தனக்கென்று வைத்திருப்பது தலைக்கு ஐம்பதுதான்.

ஆறு பேரை உட்கார வைத்ததோடு இடம் முடிந்தது என்று நினைத்தேனே, இருபத்து நாலு பேரை உட்கார வைத்தாலும் மிச்சம் இருக்கும். மிஷினில் மொத்தம் எவ்வளவு காலி என்று காட்டுகிற எண்ணும் ஒரு வருஷமாக என் கண்ணெதிரேதான் இருந்தது. ஒன்றரை ஜிபி. ஏதோ தற்காலிகமாகக் காலியாக இருக்கிறது என்று நானே அதற்கு ஒரு சமாதானம் சொல்லியிருந்தேன். கன்னத்தில் அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. ஆறை இருபத்து நாலாக்கினேன். மிஷின் முனகவில்லை. கூடுதல் ஆட்கள் வந்ததே தெரியாத மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

கணவரிடம் சொன்னேன். அவர் நல்ல யோசனையாகவே சொன்னார். "சரி பண்ணிட்டேன்னு மட்டும் சொல்லு. எப்படின்னு யாரு கேக்கப்போறா?" எனக்கும் ஆசை அதுதான். ஆனால் கூட்டத்தில் இது தாங்குகிறதா என்று நேரில் பார்க்காமல் எனக்கு இருப்புக் கொள்ளாது. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கடலூர் ரோட்டில் கிளம்பினேன். தவளக்குப்பம் ஜங்ஷனில் ஒரு டீ குடித்துவிட்டுக் கடல் பக்கம் திரும்பினேன்.

கரையில் ஏலம் முடிகிற நேரம். பெண்கள் மீனை ரகம் பிரித்து ஐஸில் போட்டுக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது. உட்காரச் சொல்ல யாருக்கும் மனசில்லை. நானே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டேன். அக்கா போட்டோ எடுத்தார். சங்கரா, வஞ்சிரம், நெத்திலி, ஒரு கூடை இறால். வாட்ஸ்அப்பில் தகவல் போனது. பன்னிரண்டு பேரும் அக்காவின் கையிலிருந்த போனையே பார்த்தார்கள்.

என் திரையில் நாலு ப்ராசஸ் வேலையில் இறங்கியது. ஆறு. ஏழு. எட்டு. பதினொன்று. பத்தொன்பது வரை போனது. மெமரி கொஞ்சம் ஏறி அங்கேயே நின்றது. அக்காவின் போன் டிங் என்றது. பிறகு விடாமல் டிங் டிங் என்று அடித்தது. அக்கா ஒவ்வொரு ஆர்டராக வாய்விட்டுப் படிக்கத் தொடங்கினார். பாதியில் படிப்பதை விட்டுவிட்டு, "ஏ, சங்கரா முடிஞ்சிச்சு, மூடுங்கடி!" என்று கத்தினார். அவருடைய பழைய குரல் திரும்பி வந்துவிட்டது. ஏழு மணி அடிக்கும் முன்பே கூடையில் இருந்த இறால் உட்பட எல்லாமே விற்றுப்போய்விட்டது. ஒரு பெண் என் கையில் டீயைத் திணித்தாள். இன்னொருத்தி என் நாற்காலியை நிழலுக்கு இழுத்தாள், நான் அதில் உட்கார்ந்திருக்கும்போதே.

"என்னாம்மா செஞ்ச? பெரிய மிஷின் வாங்கிட்டியா?" என்று அக்கா கேட்டார்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், டீயைக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் அத்தனை பேரும் அவ்வளவு சந்தோஷமாக என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது வாய் வரவில்லை.

"இல்லக்கா. மிஷின் அதேதான். மொதல்லேந்தே எடம் இருந்துச்சு. நான்தான் தப்பா எண்ணிட்டேன்" என்றேன். மூன்று கார்டையும் ஒரு ஃப்ரிட்ஜையும் சொல்லி விளக்கினேன். பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர்கள் வீட்டிலும் மூன்று கார்டுதான். அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"அப்போ போன் பழசுன்னு சொன்னியே?"

"அது... சும்மா சொன்னதுக்கா."

"சும்மாவா?" அவர் போனை இடுப்பில் செருகிக்கொண்டார். "லாஸ்பேட்டைல ஒரு மதாம். இருபது வருசமா என் கையாலதான் மீன் வாங்குவாங்க. நீ சொன்னத நம்பி, உங்க போன் சரியில்ல மதாம்னு சொன்னேன். புதுசு வாங்குனாங்க. அதுலயும் சுத்துச்சு. அப்ப ஒங்களுக்குத்தான் அமுத்தத் தெரியலன்னுட்டேன். அன்னிக்குக் கதவ சாத்தினவங்கதான். நாலு மாசம் ஆச்சு."

அக்கா ஐஸ் பெட்டியின் அடியில் கையை விட்டு ஒரு கேரி பேக்கை எடுத்தார். உள்ளே நாலு சங்கரா. "அவங்களுக்குன்னு வாராவாரம் எடுத்து வெப்பேன். குடுக்கப் போவ முடியாம வீட்டுக்கே எடுத்துட்டுப் போயிடுவேன்" என்றார். தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டிய வீடுகளின் மீனை மற்றப் பெண்களிடம் பிரித்துக் கொடுத்தார். பிறகு என் ஸ்கூட்டர் பக்கம் நடந்தார். "வண்டிய எடு."

வழியெல்லாம் என் முதுகுக்குப் பின்னால் ஐஸ் தண்ணீர் சொட்டி என் துப்பட்டா நனைந்துகொண்டிருந்தது. அக்கா திட்டிவிட்டால்கூடத் தேவலாம் என்று இருந்தது. லாஸ்பேட்டையில் விமான நிலையம் போகிற ரோட்டில் திரும்பும்போது, "மெதுவா போ" என்றார். எனக்கு மட்டும்தான் பயம் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த மதாம் ஒரு சொல்தாவின் மனைவி. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து திரும்பியவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்றுதான், அவர்கள் வீட்டு அம்மாவை மதாம் என்றுதான் சொல்வோம். கணவர் இல்லை, மகள் பிரான்சில், இவர் மட்டும் முதல் மாடியில் தனியாக. கதவைத் திறந்தவர் அக்காவைப் பார்த்ததும் கையைக் கதவிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

அக்கா என்னை முன்னால் தள்ளினார். "சொல்லு."

சொன்னேன். ஆறு ப்ராசஸ், இருபத்து நாலு ப்ராசஸ், ஃப்ரிட்ஜ், ரேஷன் கார்டு என்று எல்லாவற்றையும் குழப்பி அடித்தேன். நடுவில் அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"என் பழைய போன்?"

"நல்லாத்தான் இருந்துச்சு மதாம்."

"எனக்கு அமுத்தத் தெரியலன்னது?"

"நீங்க சரியாத்தான் அமுத்தியிருக்கீங்க. தப்பு மொத்தமும் என்னுது. இவங்களுதும் இல்ல, உங்களுதும் இல்ல."

அவர் கதவிலிருந்து கையை எடுத்தார். "நாலு மாசமா ஒவ்வொண்ணுக்கும் எனக்கு சந்தேகம். கேஸ மூடினேனா, மாத்திர போட்டேனான்னு. ஒரு மீனு வாங்கக்கூடத் தெரியல, புத்தி போயிடுச்சுன்னு நெனச்சிட்டேன். எம் பொண்ணு, தனியா இருந்தது போதும், இங்க வந்துடுன்னா. சரின்னு சொல்லிட்டேன்."

நான் எரிச்சலில் சொன்ன ஒரு வாக்கியம் படியேறி இவர் வீட்டுக்குள் வந்து நாலு மாசம் இப்படி உட்கார்ந்திருக்கிறது. எனக்கு அழுகை வந்தது. மறைக்கவும் தோன்றவில்லை. அக்கா தலையைக் குனிந்துகொண்டு, "நானும் உங்களப் பாத்து அப்டி சொல்லியிருக்கக் கூடாது மதாம்" என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை.

மதாம் அவர் கையிலிருந்த கேரி பேக்கைப் பார்த்தார். "சங்கராவா?"

"ஆமா."

"நாலு மாசமா இந்த வீட்டுல மீனே வெக்கல. உள்ள வா."

அக்கா நேரே சமையலறைக்குப் போனார். கத்தி எங்கே இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. மதாம் மேஜையிலிருந்து புது போனை எடுத்து, கண்ணாடியைக்கூடப் போட்டுக்கொள்ளாமல், மகளுக்கு வீடியோ கால் போட்டார். அங்கே இன்னும் விடிந்திருக்காது மதாம் என்றேன். "எழுந்துக்கட்டும்" என்றார். தலை கலைந்து, என்னவோ ஏதோ என்று பதறிக்கொண்டு மகள் திரையில் வந்தாள். மதாம் பிரெஞ்சும் தமிழும் கலந்து மூச்சு விடாமல் பேசினார். எனக்குப் பிரெஞ்சு தெரியாது. ஆனாலும் எல்லாம் புரிந்தது.

"எனக்குப் புத்தி நல்லாத்தான் இருக்குது. நான் அங்க வரல. தப்பா எண்ணினது வேற ஒருத்தி." சொல்லிவிட்டு போனை என் முகத்துக்கு நேராகத் திருப்பினார். "வுவாலா! தோ, இவதான்."

முன்பின் தெரியாத அந்தப் பெண் தூக்கக் கலக்கத்தில் என்னையே உற்றுப் பார்த்தாள். நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு கையை உயர்த்தினேன். சமையலறையிலிருந்து அக்கா மீன் செதில் சீவுகிற சத்தத்தோடு அவருடைய சிரிப்பும் கேட்டது.

"ஆமாங்க, நான்தான்" என்றேன், பிரான்சு வரைக்கும் கேட்கிற மாதிரி.